பீடத்துக்கு அடியிலிருந்து சுவருக்கு

உத்திரமேரூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறிக்கப்பட்ட குடவோலை விதிகளுக்கு அந்த மரியாதை தகும். அதே ஊரிலுள்ள சுந்தரவரதப் பெருமாள் கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் வருவதில்லை. ஓவியத்துக்கும் ஆன்மிகத்துக்கும், மந்திர தந்திரம் என்று நாம் சற்றே தயக்கத்தோடு சொல்கிற அந்த மறைவான துறைக்கும் என்ன உறவு என்று யோசிக்கிறவர்கள் அந்த இரண்டாவது கோயிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பல்லவர் காலத்தில் எழுந்த அதன் விமானம் மூன்று தளம் கொண்டது. கீழ்த்தளத்தில் பெருமாள் நின்ற கோலம், நடுத்தளத்தில் இருந்த கோலம், மேல்தளத்தில் கிடந்த கோலம். கீழே சுந்தரவரதரைச் சுற்றி அச்சுத வரதர், அநிருத்த வரதர், கல்யாண வரதர். நடுவில் வைகுண்ட வரதரைச் சுற்றி கிருஷ்ணார்ஜுனர், நரசிம்மர், வராகர். உச்சியில் அனந்தபத்மநாபர். ஆக ஒன்பது திருமேனிகள். பிரான்சுவா குரோவும் இரா. நாகசாமியும் எழுதி 1970இல் புதுச்சேரியில் வெளியான உத்திரமேரூர் பற்றிய பிரெஞ்சு நூல், இந்த அடுக்கு வைகானச ஆகமத்தைச் சேர்ந்த மரீசி சம்ஹிதையின் முறையோடு பொருந்துவதை விரிவாகக் காட்டியது. ஏட்டில் சொல்லப்பட்ட ஒரு மண்டலத்தைத் தச்சர்கள் மூன்று அடுக்குக் கட்டடமாக எழுப்பியிருக்கிறார்கள். அதை வலம் வருகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மண்டலத்துக்குள்தான் நடக்கிறார்.

இது கண்ணுக்குத் தெரிகிற பகுதி. தெரியாத பகுதி வேறு.

சிற்ப நூல்களில் ஒன்றான மயமதம், கோயில் கட்டத் தொடங்கும்போது செய்யும் கர்ப்பவிந்யாசத்துக்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. உலோகத்தில் ஒரு பேழை செய்து, அதன் உட்புறத்தை ஒன்பது அறைகளாகவோ இருபத்தைந்து அறைகளாகவோ தடுக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய மணி, உலோகம், தானியம் என்று வைக்க வேண்டும். பிறகு இரவு வேளையில் அதைக் கட்டடத்தின் அடியில் பதித்து மூடிவிட வேண்டும். கருவறையில் மூலவரை நிறுத்தும்போதும் இப்படித்தான். இன்று நம் கிராமக் கோயில்களில் நடக்கும் கும்பாபிஷேகத்தில்கூட, செப்பிலோ வெள்ளியிலோ கீறிய யந்திரத் தகட்டை விக்கிரகத்துக்கு அடியில் வைத்து, மேலே சிலையை நிறுத்தி, அஷ்டபந்தன மருந்து சாத்தி மூடிவிடுகிறார்கள். தகட்டில் உள்ள கோடுகளையும் எழுத்துகளையும் அடுத்த திருப்பணி வரை எந்தக் கண்ணும் பார்க்காது.

இதையே சிறிய அளவில் தாயத்தில் காணலாம். தகட்டில் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் எழுத்தை நிறுத்தி, சுருட்டிக் குப்பிக்குள் அடைத்து, வாயை மெழுகால் மூடிக் குழந்தையின் அரையில் கட்டுகிறார்கள். அதைத் திறந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் பலிக்காது என்பது பாட்டிமார் சொல்லும் விதி. மாந்திரீகத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இந்த ஒரு செய்தியைக் கவனிக்கத் தவறுகிறார்கள்: இந்த மரபில் வரைபடம் பார்ப்பதற்காக வரையப்படுவதில்லை. வரைவதும் உரு ஏற்றுவதும் மூடுவதும் சேர்ந்து ஒரே செயல். அந்தச் செயல் முடிந்ததும் படத்துக்குக் கண்களிடம் எந்த வேலையும் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவையும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. காஞ்சி காமாட்சியின் முன்னால் ஸ்ரீசக்கரம் நிறுவப்பட்டிருக்கிறது, அதற்கு நேரடியாகவே அர்ச்சனை நடக்கிறது. மாங்காட்டில் உள்ள அர்த்தமேரு வடிவ ஸ்ரீசக்கரம் அஷ்டகந்தத்தால் ஆனது என்பதால் அதற்கு அபிஷேகம் கிடையாது, குங்கும அர்ச்சனைதான். மேல்நோக்கி நான்கும் கீழ்நோக்கி ஐந்துமாக ஒன்பது முக்கோணங்களைப் பின்னி நாற்பத்து மூன்று சிறு முக்கோணங்களை உண்டாக்கும் ஸ்ரீசக்கர வரைபடம், கணக்குத் தெரிந்தவர்களுக்கே பெரிய சவால். மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டிய இடங்கள் பல. ஒரு கோடு நூலளவு பிசகினாலும் இன்னொரு மூலையில் அந்தப் பிசகு தெரியும். ஆனால் காமாட்சி சந்நிதியில் நிற்கும் பக்தர் அந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டு நிற்பதில்லை. குங்குமமும் பூவும் சக்கரத்தை மூடியிருக்கின்றன. வெளியே வைத்தாலும் அது ஓரளவு மறைவிலேயே இருக்கிறது.

திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் இன்னும் விசித்திரமானது. திருவம்பலச் சக்கரம், புவனாபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று பல சக்கரங்களை அமைக்கும் முறையைத் திருமூலர் செய்யுளிலேயே சொல்லிச் செல்கிறார். எத்தனை கோடு இழுப்பது, எத்தனை அறை வரும், எந்த எழுத்து எங்கே நிற்கும் என்பதெல்லாம் பாட்டில் இருக்கிறது. படம் இல்லை. காதால் கேட்டு மனத்தில் வரைய வேண்டிய ஓவியம் அது. எழுத்தும் கட்டமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இந்தப் பழக்கம் தமிழ்நாட்டில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது இந்த நிலத்தின் கடலோரத்துக்கு வருகிறேன். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது, அந்தக் கடற்கரையும் உத்திரமேரூரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. சென்னை கலைப்பள்ளியின் முதல்வராக 1957 முதல் இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். மேற்கத்திய ஓவியத்தை நன்றாகக் கற்றுவிட்ட ஒரு தலைமுறை அது. கற்றதை வைத்துக்கொண்டு இந்த மண்ணில் நின்று என்ன வரைவது என்ற கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை. அந்தக் கேள்விக்கு அவர்களில் சிலர் கண்டுபிடித்த விடைதான், பீடத்துக்கு அடியில் இருந்த வரைபடத்தை எடுத்துச் சுவரில் மாட்டுவது.

அதற்கு முன்பே உலகின் வேறொரு மூலையில் இதே போன்ற ஒன்று நடந்திருந்தது. அதன் ஒரு வேர் சோழமண்டலத்துக்குச் சில கல் வடக்கே, அடையாற்றில் இருந்தது என்பது பலருக்கும் நினைவில் இருப்பதில்லை. 1882இல் பிரம்மஞான சபை அங்கே வந்து தங்கியது. அன்னி பெசண்டும் லெட்பீட்டரும் சேர்ந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட எண்ண வடிவங்கள் பற்றிய நூல், மனத்தின் உணர்ச்சிகளுக்கு நிறமும் உருவமும் உண்டு என்று வண்ணப் படங்களோடு வாதிட்டது. பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள், சினத்துக்குச் சிவப்பு. ஞானக்கண்ணால் கண்டதாக ஆசிரியர்கள் சொன்னவற்றை அவர்களுடைய நண்பர்களான ஓவியர்கள் கேட்டு வரைந்தார்கள். பார்த்தவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர். கலைக்கு இது நல்ல ஏற்பாடு அல்ல என்பது என் கருத்து. ஆனாலும் அந்தச் சிந்தனை ஐரோப்பாவில் தொலைதூரம் பரவியது. 1909இல் மோந்திரியான் நெதர்லாந்தின் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். 1911இல் காந்தின்ஸ்கி கலையில் ஆன்மிகம் பற்றி எழுதிய நூலில் இந்த இயக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். உருவமற்ற நவீன ஓவியம் வெறும் வடிவ விளையாட்டாகப் பிறக்கவில்லை, ஆவியுலக நம்பிக்கைகளும் அதன் தொட்டிலில் இருந்தன.

ஸ்வீடனின் ஹில்மா ஆஃப் கிளிண்ட் இந்தக் கதையில் தனித்து நிற்பவர். ஆவிகளின் ஆணை தனக்கு வந்ததாக நம்பிய அந்தப் பெண்மணி, 1906 முதல் 1915 வரை ஒரு கோயிலுக்கென்று 193 ஓவியங்கள் வரைந்தார். அந்தக் கோயில் கட்டப்படவே இல்லை. தான் இறந்து இருபது ஆண்டுகள் ஆகும்வரை அவற்றைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டு 1944இல் மறைந்தார். உலகம் அவற்றில் சிலவற்றைப் பொதுக் கண்காட்சியில் பார்த்தது 1986இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகரில். அவர் தாயத்தின் விதியை, யாரும் சொல்லாமலே, தானே கடைப்பிடித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓவியத்தைச் செயலாக நம்பியவருக்குப் பார்வையாளர் அவசரமாகத் தேவைப்படவில்லை.

பணிக்கருடைய வழி இதற்கு நேர் எதிரானது. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த அவர், தம் ஐம்பது வயதுக்குமேல், 1963இல்தான் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம் அதற்குத் தூண்டுகோல் என்று சொல்வார்கள். ஓலைச்சுவடி போலவும், பஞ்சாங்கத் தாள் போலவும் தோன்றும் வெளிறிய பரப்பு. அதில் நெருக்கமாக வரிவரியாக எழுத்துகள், அட்டவணைகள், ஜாதகக் கட்டங்கள், இடையிடையே பாம்பு, பறவை, மீன். எழுத்துகள் மலையாளத்தை நினைவூட்டும். ஆனால் கூர்ந்து படிக்கப் போனால் ஒரு சொல்லும் தேறாது. வேண்டுமென்றே அவர் அதைப் படிக்க முடியாததாக ஆக்கியிருந்தார்.

இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் ஜாதகக் கட்டத்தோடு வாழ்ந்தவர்களாக இருக்க முடியாது. நம் ஊர்களில் ஒரு வீட்டில் பெண் பிறந்தால், அந்தப் பன்னிரண்டு கட்டம் மஞ்சள் தடவிய நோட்டில் ஏறிவிடுகிறது. ல என்றால் லக்னம், செ என்றால் செவ்வாய், ரா என்றால் ராகு. ஏழிலும் எட்டிலும் யார் நிற்கிறார் என்று பார்க்கும்போது பெற்றவர் முகம் எப்படி மாறும் என்பதை நாம் அறிவோம். அந்தக் கட்டத்தை வெறும் கட்டமாக, நான்கு மூலையும் நடுவே வெற்றிடமுமாக, யாரும் பார்த்ததில்லை. பயம் முதலில் பார்த்துவிடுகிறது. பணிக்கர் கிரகங்களின் எழுத்துகளைப் படிக்க முடியாததாக ஆக்கியபோது அந்தப் பயத்தை அகற்றினார். இது யாருடைய ஜாதகம், தோஷம் உண்டா, கல்யாணம் எப்போது என்று அந்த ஓவியத்திடம் கேட்க முடியாது. கேட்க முடியாமல் போன பிறகுதான் அந்தச் சதுரத்தின் அமைதி, எழுத்துகளின் அடர்த்தி, வரியும் வெற்றிடமும் மாறிமாறி வரும் நடை எல்லாம் கண்ணில் படுகின்றன. பலன் சொல்லும் வேலை போய்விட்டது. அந்த வேலைக்குப் பின்னால், எதையோ அறிந்துகொள்ள வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் குனிந்து எழுதிய மனிதர்களின் தவிப்பு மட்டும் தாளில் மிஞ்சுகிறது. ஆன்மிக ஓவியம் என்ற சொல்லை இருபதாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவில் ஓர் ஓவியருக்குக் கொடுக்க வேண்டுமானால் முதலில் இவருக்குத்தான் கொடுப்பேன்.

கே.வி. ஹரிதாசன் வேறு வகை. 1937இல் கண்ணூரில் பிறந்து, பணிக்கரிடம் சென்னையில் பயின்று, சோழமண்டலத்தின் தொடக்கக் குழுவில் இருந்தவர். பிற்பாடு திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். 2014இல் மறைந்தார். ‘யந்திரம்’, ‘பிரம்மசூத்திரம்’ என்ற அவருடைய வரிசைகள் பெயரிலேயே தம் நோக்கத்தைச் சொல்லிவிடுகின்றன. குருவின் பரப்பில் எதுவும் சமச்சீராக இல்லை. எழுத்துகள் ஒரு பக்கம் சாயும், பறவை ஒரு மூலையில் நிற்கும். சீடரின் பரப்பிலோ நடுவே ஓர் அச்சு, இருபுறமும் ஒத்த வடிவம், கூர்மையான விளிம்பு, பளிச்சென்ற தட்டை வண்ணங்கள். ஹரிதாசன் தந்திர மரபைப் படித்தவர், அதை எழுத்திலும் விளக்கியவர், அதன் தத்துவத்தில் மெய்யான ஈடுபாடு கொண்டவர். அவருடைய சிறந்த ஓவியங்களின் முன்னால் நிற்கும்போது பார்வை மெல்ல மையத்துக்கு இழுக்கப்பட்டு, அங்கிருந்து விளிம்புக்குத் தள்ளப்பட்டு, மீண்டும் திரும்புகிறது. இந்த அசைவுக்கு மந்திரம் தேவைப்படவில்லை. நிறமும் விகிதமும் அதைச் செய்கின்றன.

அவர் தனியாக இல்லை. காஷ்மீரின் ஜி.ஆர். சந்தோஷ், தில்லியில் இருந்த பிரேன் தே, பாரீசில் புள்ளியை மையமாகக் கொண்ட எஸ்.எச். ரசா என்று நாடெங்கும் ஒரு போக்கு வலுத்தது. அதற்கு நவதந்திரம் என்று பெயரும் வந்தது. 1985இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகக் கலைக்கூடம் அந்தப் பெயரிலேயே ஒரு கண்காட்சிக்கு நூல் வெளியிட்டது. அதே நகரில்தான் அடுத்த ஆண்டு ஹில்மாவின் ஓவியங்களும் வெளியே வந்தன.

இந்தப் போக்கின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். அஜித் முகர்ஜியின் தந்திரக் கலை நூல் 1966இல் வெளிவந்தது. 1971இல் லண்டன் ஹேவர்டு கலைக்கூடத்தில் தந்திரக் கண்காட்சி நடந்தது. பூசையில் புழங்கிய தகடுகளும் சுருள் ஓவியங்களும் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. மேற்கத்திய இளைஞர்கள் அவற்றில் தங்கள் காலத்துக்கான மயக்கத்தைத் தேடினார்கள். சந்தை உருவானதும் சந்தைக்கான ஓவியமும் உருவாகத்தானே செய்யும்? முக்கோணத்தின்மேல் முக்கோணம், நடுவில் ஓம், சுற்றிலும் தாமரை இதழ் என்று வரைந்தால் ஆன்மிகம் வந்துவிடும் என்ற எண்ணம் பரவியது. இன்று விடுதி வரவேற்பறைகளிலும் யோகா நிலையங்களிலும் அதன் பேரப்பிள்ளைகள் தொங்குகின்றன.

அந்த ஓவியங்கள் ஏன் உயிரற்றுப் போயின என்பதற்கான காரணம் நம் கோயிலின் பீடத்துக்கு அடியில் இருக்கிறது. யந்திரத்துக்குச் சக்தி கோட்டிலிருந்து வருவதாக அந்த மரபு ஒருபோதும் சொல்லவில்லை. நாள் பார்த்து, விரதம் இருந்து, குறித்த எண்ணிக்கையில் உரு ஏற்றி, உயிர் நிறுத்தும் சடங்கு செய்து, அதன் பிறகு மூடிவைப்பதால் வருவதாகச் சொன்னது. கோட்டை மட்டும் நகலெடுத்து வெளியே மாட்டுகிறவர், சக்தி எங்கிருந்து வருவதாகச் சொல்லப்பட்டதோ அதை அப்படியே விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் கொண்டுவந்தவர். பிறகு அந்தச் சதுரத்துக்கும் வட்டத்துக்கும் உயிர் கொடுக்க ஓவியனிடம் உள்ள ஒரே வழி ஓவியம்தான். நிறம், கோட்டின் அழுத்தம், இடைவெளி, கையின் நேர்மை. பணிக்கரும் நல்ல நாள்களில் ஹரிதாசனும் இதைப் புரிந்துகொண்டவர்கள். மற்றவர்களில் பலர் சடங்கின் கடன்வாங்கிய மரியாதையில் காலம் தள்ளினார்கள்.

ஆன்மிக அனுபவமே ஓவியனுக்கு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அனுபவம் இருந்தால் நல்லது. ஆனால் அது பரப்பில் தெரியாத வரை பார்வையாளருக்கு அதனால் பயனில்லை. எனக்கு உள்ளே ஒளி தெரிந்தது என்று ஓவியர் சொல்வது அவருடைய வாழ்க்கை வரலாறு. எதிரே நிற்பவருக்குக் கித்தான்மீது என்ன தெரிகிறது என்பதுதான் கலை விமர்சனத்தின் வேலை.

பார்ப்பதற்கென்றே வரையப்பட்ட மண்டலமும் நம் மண்ணில் உண்டு. அதைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தில் மகாவீரர் கோயில் இருக்கிறது. அதன் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டினார். கூரையில் பிற்காலத்தவர் தீர்த்தங்கரர்களின் வரலாற்றை வரிசை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். ஞானம் அடைந்த தீர்த்தங்கரரை நடுவில் வைத்து, தேவரும் மனிதரும் விலங்குகளும் வட்ட வட்டமாகச் சூழும் சமவசரணமும் அந்த ஓவியங்களில் வருகிறது. படங்களுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எழுத்து படிப்பதற்கு, வட்டம் பார்ப்பதற்கு, இரண்டும் அண்ணாந்து நிற்கும் எளிய மனிதருக்கு. இங்கே ரகசியம் எதுவும் இல்லை, யாரும் எதையும் மூடவில்லை. டி.என். இராமச்சந்திரன் 1934இல் இந்த ஓவியங்களைப் பற்றி முழு நூலே எழுதினார். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிறு சந்நிதிகளில் சுண்ணப் பூச்சுக்கு அடியில் கிடந்த பல்லவ ஓவியத் துணுக்குகளை ழூவோ துப்ரேய் 1931இல் அடையாளம் கண்டார். இத்தனையும் உத்திரமேரூரிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரக்கூடிய தூரம். ஆனால் ஓவியம் படிக்கிற நம் மாணவர்களில் பலர் மண்டலத்தைக் கைப்பேசித் திரையில்தான் முதலில் பார்க்கிறார்கள்.

ஓவிய ஆசிரியர்களிடமும் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குடவோலைக் கல்வெட்டுக்கு மாணவர்களை அழைத்துவரும் அதே பேருந்தைச் சுந்தரவரதர் கோயில் வாசலிலும் நிறுத்துங்கள். அடுக்கடுக்காக ஏறி ஒன்பது திருமேனிகளையும் அவர்கள் கையாலேயே ஒரு தாளில் வரைபடமாகக் குறிக்கட்டும். திருப்பருத்திக்குன்றத்துக்கு ஒரு முறை கூட்டிப்போங்கள். பிறகு சோழமண்டலத்தின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று அவர்களை அந்த நவீன ஓவியங்களின் முன்னால் நிற்கவிடுங்கள். கோயில் நிர்வாகிகளுக்கும் ஒரு சொல்: திருப்பணி என்ற பெயரில் பழைய சுவர்களுக்கும் கூரைகளுக்கும் புது வண்ணம் அடிக்கும் முன்பு, அடியில் ஓவியம் இருக்கிறதா என்று அறிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். யந்திரத் தகட்டை மூடிவைக்கச் சொன்னது ஆகமம். சுவர் ஓவியத்தை மூடிவிடச் சொல்லி எந்த ஆகமமும் நம்மைப் பணிக்கவில்லை.